ஜாம் பாட்டிலில் நாலு ரப்பர் வாஷர்

சகாயம்,

நீ நல்லா இருக்கியா, வேளைக்குச் சாப்பிடறியான்னுதான் எப்பவும் ஆரம்பிப்பேன். அதைக் கேக்கற யோக்கியதை எனக்கு இருக்கான்னு இதைப் படிச்சு முடிச்சப்புறம் நீயே முடிவு பண்ணிக்கோ. போன்ல சொல்லிடலாம்னு இந்த வாரம் ரெண்டு தடவை கூப்பிட்டேன். கல்யாணத் துணி எடுத்தாச்சா, திருச்சில மழை பெஞ்சுதான்னு சுத்தி வளைச்சுக்கிட்டே இருந்தேன், நீயும் "சரிம்மா, அப்புறம் பேசறேன்"னு வச்சிட்டே. முப்பத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் வாயில வரமாட்டேங்குது. அதனால எழுதறேன். முதல்லயே எழுதிடறேன், இல்லேன்னா பாதியில தைரியம் போயிடும். உங்கப்பா செத்தது உன்னால இல்ல. என்னால. அந்த அம்பாசடர் பிரேக்கைக் கெடுத்தவ நான்தான். அது எனக்குப் பதினாலு வருஷமா தெரியும்.

ஏன் இப்ப மட்டும் சொல்றேன்னு கேப்பே. நிர்மலா போன வாரம் சாந்தோமுக்கு வந்தா இல்ல, என்னைப் பாத்துட்டுப் போக? நல்ல பொண்ணு. நீ ஸ்கூட்டர் கூட ஓட்டமாட்டேங்கறே, அவ ஓட்ட நீ பின்னாடி உக்காந்து போறேன்னு சொல்லிச் சிரிச்சா. அப்புறம் ஷெட்டுக்குப் போய் கார் முன்னாடி நின்னுட்டு, "அத்தை, இதுதானா அது?"ன்னா. ஆமான்னேன். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லிட்டார் அத்தை. 'எங்கப்பாவைக் கொன்னவன் நான், யோசிச்சுச் சொல்லு'ன்னு. நான் யோசிச்சுத்தான் சரின்னேன். ஆனா தூக்கத்துல காலை உதைக்கறாராம், கூடத் தங்கியிருக்கவர் சொன்னாரு. எப்பவும் வலது கால்தானாம்"னா. நான் உள்ள போய் அவளுக்குக் காப்பி போடற மாதிரி அடுப்பு முன்னாடி நின்னேன். வலது கால் எதைத் தேடி உதைக்குதுன்னு அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறே நம்ம கோவில்ல பூசையில உங்க கல்யாண அறிவிப்பு, முதல் ஓலையை வாசிச்சாங்க. "இவங்க கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க பங்குத் தந்தைகிட்ட தெரிவிக்கணும்"னு முடிப்பாங்களே, சின்ன வயசுலேர்ந்து எத்தனை ஓலை கேட்டிருக்கேன், அந்த வரியை ஒரு நாளும் காதுல வாங்கினதில்ல. அன்னைக்கு என்னை எழுப்பி நிக்க வச்சுக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

அந்தக் கார் எங்கப்பா வச்சிருந்தது, உனக்குத் தெரியும். அவருக்கு அப்புறம் அதை விக்கச் சொன்னவங்க நம்ம தெருவுல பாதிப்பேர். கடல் காத்துல வருஷத்துக்கு ஒரு தரம் தரைத் தகடு துருப்பிடிச்சு ஓட்டை விழும். தகடு ஒட்டற டிங்கர் வேலையைத் தவிர மத்ததெல்லாம் நானே செய்வேன். பழைய டைனமோவைத் தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் போட்டேன், வயரிங் மொத்தத்தையும் பழைய புடவை விரிச்சு அதுமேல உக்காந்து மாத்தினேன். உங்கப்பா பக்கத்துல ஸ்டூல் போட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டே, கேட்ட ஸ்பேனரைத் தவிர மத்த எல்லா ஸ்பேனரையும் எடுத்துக் கொடுப்பார். "டீச்சர், இது பன்னண்டா பதிமூணா?"ன்னு கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குவார். ஒரு பொம்பளை, அதுவும் டீச்சர், பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறதைப் போற வர்றவங்க நின்னு பாப்பாங்க. சத்தியமா சொல்றேன், அது எனக்குப் பிடிச்சிருந்தது. தலைக்கனம்னு பேர் வைக்கணும்னா வச்சுக்கோ. மந்தைவெளி மெக்கானிக் தாஸ் மட்டும்தான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். "டீச்சரம்மா, நீ எத வேணா களட்டு, மாட்டு. பிரேக்ல மட்டும் கைய வெக்காத. அது உசுரு மேட்டரு." எனக்கா சொல்றேன்னு கோவம் வந்து, அவன்கிட்ட வண்டியை விடறதையே நிறுத்திட்டேன்.

இன்னொண்ணு. விபத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி உங்கப்பா முன் சீட்டுக்கு பெல்ட் போடலாம்னு கேட்டார். அந்தக் கார்ல பெல்ட் கிடையாது, முன்னாடி பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட்டு, மூணு பேர் சாஞ்சு உக்காரலாம். கதவை ஒட்டின தூண்ல ஓட்டை போட்டு போல்ட் வெல்டு பண்ணினா ஒரிஜினல் அழகு கெட்டுடும்னு நான் ஒரேயடியா மறுத்துட்டேன். இன்ஜினுக்குள்ள எதை வேணா மாத்துவேன், வெளியில கண்ணுக்குத் தெரியறதுல கை வைக்கமாட்டேன், அது என் சட்டம். "சரி டீச்சர், உன் வண்டி, உன் இஷ்டம்"னுட்டார். அந்த மனுஷன் என்கிட்ட வாதாடினதே கிடையாது. வாதாடியிருக்கலாம்.

இப்ப பிரேக் விஷயத்துக்கு வரேன். அந்த வாரம் பின் சக்கரத்துல எங்கேயோ லேசா கசிஞ்சு, பிரேக் ஆயில் அளவு இறங்கிக்கிட்டே இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் பாத்தேன், டப்பாவுல அடியில ஒட்டிக்கிட்டிருந்தது. வீட்டுல பிரேக் ஆயில் தீந்துபோச்சு. லஸ் பக்கம் கடைக்குப் போனா வாங்கிட்டு வந்திடலாம், அரை மணி நேர வேலை. இல்லேன்னா தாஸைக் கூப்பிடலாம். உங்கப்பா அதைத்தான் சொன்னார். நான் கேக்கலையே. ஷெட்டுல காரைத் தூக்கற ஜாக்கிக்கு ஊத்தற எண்ணெய் அரை டின் இருந்தது. ஜாக்கியும் ஹைட்ராலிக், பிரேக்கும் ஹைட்ராலிக். அடைச்ச திரவத்துல ஒரு பக்கம் அழுத்தினா எல்லாப் பக்கமும் சமமா அழுத்தும்னு எத்தனை வருஷம் பத்தாம் வகுப்புக்கு போர்டுல படம் போட்டிருப்பேன்? எந்தத் திரவமா இருந்தா என்ன, விதி ஒண்ணுதானேன்னு எனக்கு நானே பாடம் நடத்திக்கிட்டு ஊத்தினேன், சகாயம். விதி சரிதான். ஆனா பிரேக்குக்குள்ள திரவம் மட்டும் இல்லியே, அதைத் தள்ளற ரப்பர் வாஷரும் இருக்கு. அந்த ரப்பருக்கு ஜாக்கி எண்ணெய் விஷம். நாலு நாள் ஊறினா உப்பி, கொழகொழத்து, ஒண்ணுத்துக்கும் உதவாமப் போயிடும். பத்தாங்கிளாஸோட படிப்பை விட்டுட்டுப் பட்டறைக்குப் போனவன் தாஸ், அவனுக்குத் தெரியும். எம்.எஸ்ஸி. படிச்ச எனக்குத் தெரியலை.

வியாழன் நான் ஓட்டினேன், பிரேக் நல்லாவே பிடிச்சுது. பாத்தியான்னு உங்கப்பாகிட்ட பெருமை வேற அடிச்சேன். சனிக்கிழமை நீ அடையாறு வரைக்கும் எடுத்துட்டுப் போயிட்டு வந்து, செருப்பைக் கூடக் கழட்டாம, "அம்மா, பிரேக் ஒரு மாதிரி இருக்கும்மா. கால் உள்ள போற மாதிரி இருக்கு"ன்னே. நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியலை. எனக்கு நீ நின்ன இடம்கூட ஞாபகம் இருக்கு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "லைசென்ஸ் வாங்கி நாலு மாசம் ஆகலை, அதுக்குள்ள வண்டியில குத்தம் கண்டுபிடிக்கறியா? நீ ஓட்டற லட்சணம் அப்படி"ன்னேன். நீ சிரிச்சுக்கிட்டே போயிட்டே. மறுநாள் காலைப் பூசை முடிஞ்சு, நான் கோவில்லயே பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் எடுக்க இருந்துட்டேன். நீயும் அப்பாவும் ஊரூர் குப்பத்துல மீன் வாங்கப் போனீங்க. வஞ்சிரம் கிடைக்கலேன்னா சங்கராவாவது வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பினேன். அடையாறு பாலம் இறங்கி சிக்னல்ல நின்ன லாரி. மத்தது உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல உன் கைக்குக் கட்டுப் போட்டு உக்கார வச்சிருந்தாங்க. போலீஸ்காரர் கேக்கக் கேக்க நீ "பிரேக் பிடிக்கல சார், பிரேக் பிடிக்கல"ன்னு மூணு தடவை சொன்னே. அவர் என்னைத் திரும்பிப் பாத்து, "வண்டியை யாரும்மா பாத்துக்கறது?"ன்னார். நான்தான்னேன். "பிரேக்ல ஏதாவது கோளாறு இருந்துச்சா?" "ஒரு குறையும் இல்ல சார், என் கையால பாத்த வண்டி"ன்னேன். சேசுவே, உள்ள புருஷன் மண்டை உடைஞ்சு கெடக்கான், அப்பக்கூட என் வாயில வந்தது என் வேலைக்கு நானே குடுக்கற சர்டிபிகேட்! நீ தலையைத் தூக்கி என்னைப் பாத்தே. அதுக்கப்புறம் பிரேக் பிடிக்கலைன்னு நீ சொல்லவே இல்ல. அன்னைக்கும் இல்ல, அதுக்கப்புறமும் இல்ல. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், நாமதான் பதட்டத்துல காலை மாத்தி வச்சிட்டோம்னு நீயே நம்ப ஆரம்பிச்சிட்டே. உன் காலை நம்பாம என் வாயை நம்பினே. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தப்ப முன்பக்கம் மொத்தமும் நசுங்கி, குழாய் அறுந்து, எண்ணெய் ஒழுகிப் போயிருந்தது. சோதிச்சுப் பாக்க முடியலைன்னு எழுதிட்டுப் போயிட்டார்.

இது வரைக்கும் என் அறியாமைன்னு வச்சுக்கலாம். இனிமே எழுதப்போறதுக்கு அந்தப் பேர் கிடையாது. மூணு வாரம் கழிச்சு ஸ்டேஷன்லேர்ந்து காரை இழுத்துட்டு வந்து ஷெட்டுல விட்டாங்க. துக்கம் கேக்க வந்த தாஸ் சும்மா நிக்க முடியாம, பிரேக்கோட மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டினான். உள்ள இருந்த வாஷரெல்லாம் டீயில ஊறின பன் மாதிரி வந்துச்சு. விரல்ல தொட்டு மோந்து பாத்தான். "இன்னா டீச்சர் இது? பிரேக் ஆயில் வாசனையே இல்லியே. வேற இன்னாத்தையோ ஊத்திக்கிறாங்கோ." அவன் ஷெட்டு மூலையில இருந்த ஜாக்கி எண்ணெய் டின்னைப் பாத்தான், என்னைப் பாத்தான். கையைத் துணியில துடைச்சுக்கிட்டு, "நான் ஒண்ணும் பாக்கல டீச்சர். ஆனா பையன் பாவம், அவன்கிட்ட சொல்லிடு"ன்னுட்டுப் போனான். நீ அப்ப உள் ரூம்ல படுத்திருந்தே. பத்தடி தூரம்கூட இல்ல. நான் அந்த நாலு வாஷரையும் ஒரு ஜாம் பாட்டில்ல போட்டு மூடி, வீட்டுப் பீடத்துல மாதா சுரூபத்துக்குப் பின்னால வச்சேன். நீ தினமும் அதுக்கு முன்னாடிதான் முழங்கால் போட்டு அழுதே.

நாளைக்குச் சொல்லலாம்னுதான் வச்சேன், நம்பினா நம்பு. அப்புறம் பரீட்சை முடியட்டும்னேன். அப்புறம் கேஸ் முடியட்டும்னேன். கோர்ட்டுல நீயே தப்பை ஒத்துக்கிட்டு, கோர்ட்டு கலையற வரைக்கும் தண்டனையா ஒரு மூலையில நின்னுட்டு, அபராதம் கட்டிட்டு வந்தே. கப்பல் வேலைக்கு எடுத்தவங்க அந்தக் கேஸைப் பாத்துட்டு வேண்டாம்னாங்க. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க, என்னுது பதினாலு வருஷம் ஓடிடுச்சு. ஒரே ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொன்னேன். அவர், "உன் மகன்கிட்ட போய்ச் சொல்லும்மா, சொல்லிட்டு வா, மன்னிப்பு தரேன்"னார். போகலை. அதுலேர்ந்து நற்கருணை வாங்க நான் எழுந்திரிக்கறதே இல்ல. எனக்கு முழங்கால் வலின்னு நினைச்சு, பக்கத்துல இருக்கறவங்க என்னைத் தாண்டிப் போயிடுவாங்க. நீயும் தைலம் வாங்கி அனுப்பினியே, அது இன்னும் பிரிக்காம இருக்கு.

அந்த எமனை வித்துத் தொலைன்னு எத்தனை தடவை கத்தினே. நான் காருக்காக உன்னை விட்டேன்னு நினைச்சே, வீட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டே. உண்மை என்னன்னா, அதை என்னால விக்கவும் முடியலை, பாக்கவும் முடியலை. அதனால திருத்த ஆரம்பிச்சேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமா. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாத்தினேன். ஒரு வழி போனாலும் இன்னொரு வழி பிடிக்கற மாதிரி, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய் போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொண்ணுக்கும் தாஸைக் கூப்பிட்டு, அவன் சொன்னபடி, அவன் பாக்க. தூண்ல ஓட்டை போட்டு முன் சீட்டுக்கு ரெண்டு பெல்ட் வச்சேன். உங்கப்பா கேட்ட இடத்துலேயே. அழகு ஒண்ணும் கெடலைடா. உக்காந்து பாத்தா கண்ணுக்கே தெரியலை. அந்த பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஷெட்டுக்குள்ளேயே அவர் சீட்டுல உக்காந்திருப்பேன். இப்ப வயசாயிடுச்சு, பத்தாம் நம்பர் ஸ்பேனர்கூடக் கையில நிக்கமாட்டேங்குது.

கல்யாணம் ஆகப்போறவனுக்கு அம்மா புத்திமதி சொல்றது வழக்கம். சொல்ற முகம் எனக்கு இல்ல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா இதுக்கு நான் விலை கொடுக்கலை, நீ கொடுத்தே. நிர்மலா ஒரு நாள் "ஏதோ ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்னா, வண்டியோ, உடம்போ, குழந்தையோ, உனக்கென்ன தெரியும்னு கேக்காதே. கையில இருக்கற வெங்காயத்தைக் கீழ வச்சிட்டு எழுந்து போய்ப் பாரு. தெரியாத வேலையைத் தெரியலைன்னு சொல்லு, ஒண்ணும் குறைஞ்சு போயிடமாட்டே. தப்புப் பண்ணினா அன்னைக்கே சொல்லிடு. அன்னைக்குச் சொன்னா அது தப்பு. ஆறப்போட்டா முழுப் பூசணிக்காய், அதை மறைக்கத் தினமும் சோறு ஆக்கிக்கிட்டே இருக்கணும்.

இந்தக் கடிதத்தை மடிச்சு வைக்காதே. முதல்ல நிர்மலாவுக்குக் காட்டு, அப்புறம் நீ யாருக்குக் காட்டணும்னு நினைக்கறியோ அவங்களுக்கெல்லாம் காட்டு. நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய் இதே விஷயத்தை எழுதிக் கொடுத்துட்டு வரப்போறேன். இத்தனை வருஷம் கழிச்சு அவங்க என்ன செய்வாங்களோ எனக்குத் தெரியாது, செய்யட்டும். மூணாவது ஓலை வாசிக்க இன்னும் பத்து நாள் இருக்கு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, அந்தப் பூசை முடிஞ்சதும் மைக் முன்னாடி நின்னு நானே சொல்றேன். அந்தக் கோவில்ல உன்னைப் பாத்துக் குசுகுசுன்னு பேசினவங்க அத்தனை பேர் காதுலயும் விழணும். கல்யாணத்தன்னைக்கு வீட்டை விட்டுக் கிளம்பறப்ப பெத்தவங்க நெத்தியில சிலுவை போட்டு அனுப்பணும். அதுக்கு என் கை வேண்டாம்னா உங்க சித்தப்பாவைப் போடச் சொல்லு. நான் வருத்தப்படுவேன், அழுவேன், ஆனா ஏன்னு கேக்கமாட்டேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி. இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும், கடைசி வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்துட்டேன். அப்பா கடைசியா என்ன சொன்னார்னு நீ கேட்டப்பெல்லாம், நினைவே வரலை, தண்ணி மட்டும் கேட்டார்னு சொன்னேன். அது பொய். திங்கக்கிழமை மத்தியானம் அவருக்கு நல்லாவே நினைவு வந்துச்சு. நீ பக்கத்துல இல்ல, உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. நீ திரும்பி வர்றதுக்குள்ள மறுபடியும் நினைவு போயிடுச்சு, செவ்வாய்க்கிழமை போயிட்டார். அவர் சொன்னப்ப, பிள்ளையைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றார்னு நினைச்சேன். மூணு வாரம் கழிச்சு அந்த வாஷரைப் பாத்தப்பதான் அது அப்படியே நிஜம்னு தெரிஞ்சுது. முன்னாடி ஒரே நீளச் சீட்டு இல்லையா, பக்கத்துல உக்காந்தவருக்கு உன் கால் தெரிஞ்சிருக்கு. என் விரலைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"அவன் மிதிச்சான் டீச்சர். நான் பாத்தேன். ரெண்டு காலாலயும் மிதிச்சான், அடி வரைக்கும் போச்சு, பிடிக்கல. தப்பு அவன்மேல இல்ல. அவன்கிட்ட சொல்லிடு."

சொல்லிட்டேன்.

அம்மா